மீன் முதலில் குறையுமா, ஆள் முதலில் குறையுமா? இராமநாதபுரம் கடற்கரையின் அடுத்த 25 ஆண்டுகள்

12 மே 2025 – பாம்பன் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி

ஐயா, என் மகனுக்கு இருபத்து நான்கு வயது. பழைய விசைப்படகு ஒன்று விலைக்கு வருகிறது, கடன் வாங்கியாவது எடுத்துக் கொடுங்கள் என்கிறான். கடல் சூடாகிறது, 2050-இல் இந்தக் கரையில் தொழிலே இருக்காது என்று எழுதுகிறார்கள். அவனுக்கு ஐம்பது வயதாகும்வரை இந்தக் கடல் சோறு போடுமா? மீன் இருக்குமா இருக்காதா என்பதை மட்டும் சொல்லுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

13 மே 2025

மீன் இருக்குமா என்பது இரண்டாவது கேள்வி, ஐயா. அந்தப் படகில் ஏற ஆள் இருக்குமா என்பதே முதல் கேள்வி என்று நினைக்கிறேன்.

மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் நெடுங்காலம் கணக்கு எழுதியவன் நான். படகு கடலுக்குப் போகாவிட்டால் ஐஸ் விற்காது என்பதால், ஏன் போகவில்லை என்று விசாரிப்பதும் என் வேலையில் ஒரு பகுதியாக இருந்தது. காற்று, டீசல் விலை, இலங்கைக் கடற்படை என்று மூன்று காரணங்களே தொடக்கத்தில் வரும். பிற்காலத்தில் "ஆள் வரவில்லை" என்பது நான்காவதாகச் சேர்ந்து, நான் ஓய்வுபெறும் சமயத்தில் மற்ற மூன்றையும் முந்திக்கொண்டது. ஆளைப் பிடித்துவைப்பதற்காகப் படகுக்காரர்கள் கொடுக்கும் முன்பணம் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. மீன் விலை ஏறும், இறங்கும். முன்பணம் இறங்கி நான் பார்த்ததில்லை.

13 மே 2025, இரவு

மேலே எழுதியது வெறும் கரைப்பேச்சாகத் தோன்றக்கூடும் என்பதால் எண்களையும் வைக்கிறேன்.

ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் பிள்ளைகளின் சராசரி 2.1 இருந்தால்தான் மக்கள்தொகை அப்படியே நிற்கும். தமிழகம் அந்த அளவைத் தொட்டது 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அது 1.8. குறைந்த அளவில் பிறந்த அந்தத் தலைமுறைதான் இப்போது படகேறும் வயதுக்கு வந்திருக்கிறது. வந்திருப்பவர்களிலும் பலர் கல்லூரிக்குப் போகிறார்கள்: உயர்கல்விச் சேர்க்கை நாட்டளவில் 28.4 விழுக்காடாக இருந்த 2021–22-இல் தமிழகத்தில் அது 47 விழுக்காடு. மறுமுனையில், அறுபதைக் கடந்தவர்களின் பங்கு 2021-இல் 13.6 விழுக்காடு என்றும் 2031-இல் 18.2 விழுக்காடாக உயரும் என்றும் மத்திய அரசின் மக்கள்தொகைக் குழு கணித்திருக்கிறது.

கடல் வெப்பம் எவ்வளவு ஏறும் என்பதில் அறிவியலாளர்களுக்குள் ஒரு வீச்சு இருக்கிறது. கரியமில வாயுவை உலகம் எவ்வளவு குறைக்கும் என்பதைப் பொறுத்து அது மாறும். ஆனால் 2050-இல் இருபத்தைந்து வயதாகப்போகிறவர்கள் இந்த ஆண்டே பிறந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கணிக்க அறிவியல் வேண்டாம், பிரசவ வார்டில் போய் எண்ணிவிடலாம்.

19 மே 2025

தொண்டியிலிருந்து எழுதும் தம்பி ஒருவர், "உள்ளூர் ஆள் இல்லாவிட்டால் வெளியூர் ஆள் வருவான், மங்களூரிலும் கேரளத்திலும் அப்படித்தானே நடக்கிறது" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. நம் கரையிலும் அதன் முதற்கட்டம் எப்போதோ நடந்துவிட்டது. கடலையே பார்க்காமல் வளர்ந்த உள்நாட்டு மானாவாரி ஊர்களின் இளைஞர்கள், கண்மாய் வறண்ட ஆண்டுகளில் இராமேசுவரத்துக்கும் மண்டபத்துக்கும் வந்து விசைப்படகில் ஏறினார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்று திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள்.

அடுத்தகட்டமாக வடக்கிலிருந்து வருவார்கள் என்பதுதான் தம்பியின் வாதம். அதே குடும்பநலக் கணக்கெடுப்பில் மற்ற மாநிலங்களையும் பாருங்கள். ஒடிசா 1.8, ஆந்திரம் 1.7, மேற்கு வங்கம் 1.6. கடலில் வேலை செய்து பழகிய மக்கள் உள்ள கிழக்குக் கரை முழுவதும் நம்மைப் போலவே இறங்கிவிட்டது. பிள்ளைகள் கூடுதலாகப் பிறக்கும் பீகாருக்கும் (3.0) உத்தரப் பிரதேசத்துக்கும் (2.4) கடலே இல்லை. அங்கிருந்து ஆள் வரமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை; கட்டுமானத்துக்கும் உணவகத்துக்கும் வந்துவிட்டார்கள். ஆனால் கரையிலேயே கூலி கிடைக்கும்போது, கடலில் வாந்தி எடுத்துக்கொண்டு, எல்லை தாண்டினால் யாழ்ப்பாணச் சிறை என்ற பயத்தோடு வேலை செய்ய அவர் ஏன் வர வேண்டும்?

2 ஜூன் 2025

கேட்டவர் மீனைப் பற்றித்தான் கேட்டார் என்று மூன்று பேர் நினைவூட்டியிருக்கிறார்கள். சரி, மீனுக்கு வருவோம்.

வடகடலும் (பாக் நீரிணை) தென்கடலும் ஒன்றுபோல் நடந்துகொள்ளா. தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், தீவுகளை ஒட்டிய பவளப் பார்கள்தாம் பல மீன்களுக்கு வீடு. அந்தப் பவளங்கள் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளின் கோடையில் பெருமளவில் வெளுத்தன. கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடானால், பவள உயிரி தனக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும்; சூடு விரைவில் தணிந்தால் தேறும், தணியாவிட்டால் செத்துவிடும். இரண்டு வெளுப்புகளுக்கு நடுவே தேறுவதற்குக் கிடைக்கும் கால இடைவெளியே இங்கு முக்கியம். உலக வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 பாகை கூடினால் பவளங்களில் 70 முதல் 90 விழுக்காடு அழியும் என்று பன்னாட்டுக் காலநிலைக் குழு 2018-இல் எழுதியது. 2024-ஆம் ஆண்டின் சராசரி அந்தக் கோட்டைத் தாண்டிய முதல் ஆண்டு. ஓர் ஆண்டுச் சராசரி தாண்டியதாலேயே கோடு நிரந்தரமாகத் தாண்டப்பட்டதாக ஆகாது. ஆனாலும் திசை தெரிகிறது.

புணே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ராக்சி மேத்யூ கோல் குழுவினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியப் பெருங்கடல் 1950 முதல் 2020 வரை நூற்றாண்டுக்கு 1.2 பாகை என்ற வேகத்தில் சூடாகியிருக்கிறது என்கிறது. கடல் வெப்ப அலை நீடிக்கும் நாட்கள், இப்போது ஆண்டுக்குச் சுமார் 20 ஆக இருப்பது, மாசு குறையாவிட்டால் இந்த நூற்றாண்டுக்குள் 220-ஐத் தாண்டக்கூடும் என்றும் அது கணிக்கிறது. அப்படி நடந்தால் பவளத்துக்குத் தேறும் காலம் என்ற ஒன்றே இருக்காது.

ஆனால் மீன் என்பது பவளமீன் மட்டுமன்று. மத்திச் சாளை 1980-கள் வரை பெரும்பாலும் மேற்குக் கரையின் மீன். பிறகு கிழக்கேயும் பரவி, பாக் நீரிணையில் வண்டி வண்டியாக ஏறியது. என் ஐஸ் கணக்கில் அந்த மீனுக்கு நல்ல பங்கு உண்டு. வெப்பம் சில மீன்களைத் துரத்தும், சிலவற்றைக் கொண்டுவரும். ஆகவே "2050-இல் மீன் இருக்காது" என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. வேறு மீன் இருக்கும், மலிவான மீன் அதிகமாக இருக்கும், சில பருவங்களில் வலையில் மீனைவிடச் சொறி (ஜெல்லிமீன்) அதிகமாக இருக்கும். பவளப் பாரில் வாழும் கலவாய் மீனைத் தேடுகிறவனுக்குத்தான் கவலை அதிகம்.

3 ஜூன் 2025

ஒரு திருத்தம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு "கடல்மட்ட உயர்வால் மூழ்கிவிட்டன" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் மூழ்கியது உண்மை. ஆனால் அவற்றைச் சுற்றியிருந்த பவளப் பாரைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்ததே முதன்மைக் காரணம். அலையைத் தடுக்கும் பார் போனது, மணல் கரைந்தது. கையால் செய்த கேட்டைக் காலநிலையின் கணக்கில் எழுதிவிடுவது இப்போது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

16 ஜூன் 2025

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போயிருக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான இந்த 61 நாள் தடை, 2017-க்கு முன் 45 நாளாக இருந்தது. நாள் கூடியதில் மீனுக்கு எவ்வளவு நன்மை என்பது தனி விவாதம். ஆளைப் பொறுத்தவரை ஒரு விளைவு உறுதி: இரண்டு மாதம் வேறு வேலைக்குப் போன இளைஞர்களில் சிலர் ஒவ்வோர் ஆண்டும் திரும்பி வருவதில்லை. இராமேசுவரத்தில் புதிய பாம்பன் பாலம் ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டு, 2022 டிசம்பரில் நின்றுபோன இரயில் மீண்டும் தீவுக்குள் வருகிறது. யாத்திரிகர் கூட்டம் பெருகுகிறது, ஆட்டோவும் வேனும் விடுதியும் பெருகுகின்றன. இரவு முழுக்க வலை இழுத்தவன், தனுஷ்கோடிக்கு வண்டி ஓட்டினால் பகலிலேயே காசு பார்க்கலாம் என்று கண்டுகொண்டால் அவனைக் குறை சொல்ல முடியாது.

இப்போது படகு விஷயம். பழைய விசைப்படகு ஏன் மலிவாக விலைக்கு வருகிறது என்று விற்பவரிடம் கேளுங்கள், ஐயா. பாக் நீரிணை ஆழமில்லாத கடல். பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. இராமேசுவரத்திலிருந்து கச்சத்தீவு 33 கிலோமீட்டர். எல்லை அதற்கும் இப்பால் இருக்கிறது. இலங்கையோடு செய்த 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்களுக்குப் பின் நம் பங்கில் எஞ்சிய நீர்ப்பரப்பு, நம்மிடம் உள்ள இழுவைப்படகுகளின் (கடலடியில் வலையை இழுத்துச் செல்லும் விசைப்படகுகளின்) எண்ணிக்கைக்குப் போதவே போதாது. இலங்கை 2017-இல் இழுவைமடியை, அதாவது அந்த வலையை, சட்டத்தால் தடைசெய்தது, 2018-இல் அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. 2024 ஓர் ஆண்டில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்திய மீனவர்கள் அங்கே கைதானார்கள். பறிபோன படகு பெரும்பாலும் திரும்புவதில்லை. கடனோ கரையிலேயே இருக்கும்.

ஆழ்கடல் படகுக்கு மாற்றும் திட்டமும் 2017-இல் வந்தது. ஒரு படகு 80 இலட்சம். மத்திய அரசு 50 விழுக்காடு, மாநிலம் 20, வங்கிக் கடன் 20, பயனாளி 10 என்பது ஏற்பாடு. 2,000 படகு இலக்கு. அதில் சிறு பகுதியே நிறைவேறியது. பணம் ஒரு காரணம். பயனாளியின் 10 விழுக்காடே எட்டு இலட்சம். துறைமுகம் இன்னொரு காரணம். அந்தப் படகுக்கு மூக்கையூர் அல்லது குந்துகால் போன்ற இடம் வேண்டும். பேசப்படாத மூன்றாவது காரணம் ஆள்தான். ஓர் இரவு கடலில் இருந்து பழகியவன், சூரைமீன் தேடி வாரக்கணக்கில் வெளியே தங்க ஒப்புவதில்லை.

ஆகவே என் கருத்து: இழுவைப்படகு வேண்டாம். மகனுக்குக் கடல்தான் வேண்டும் என்றால், இரண்டு மூன்று பேர் போதுமான நாட்டுப்படகு, நண்டுவலை, கணவாய்த் தூண்டில் என்று குறைந்த ஆளில் நடக்கும் தொழிலைப் பாருங்கள். நாட்டுப்படகில் தகப்பனும் மகனும் போகலாம், முன்பணம் கேட்கமாட்டார்கள்.

18 ஜூன் 2025

"தகப்பன் கேட்பார்" என்று அந்த மகனே பதில் எழுதியிருக்கிறார். நல்லது, வீட்டிலும் விவாதம் நடக்கிறது என்று தெரிகிறது.

29 ஜூன் 2025

கடற்பாசிதான் எதிர்காலம், மீன் பேச்சை விடுங்கள் என்று ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பாசிக்கு மட்டும் 640 கோடி ஒதுக்கி, 2025-க்குள் 11.2 இலட்சம் டன் உற்பத்தி என்று இலக்கு வைத்தார்கள். நம் மாவட்டத்தில் வலமாவூரில் பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நட்டார்கள். நாட்டின் உற்பத்தி அந்த இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை.

இதில் இரண்டு தொழில்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தீவுகளைச் சுற்றி மூழ்கி, தானாக வளரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுப்பது ஒன்று. அதைச் செய்பவர்கள் பெண்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, தேசியப் பூங்காச் சட்டத்தோடும் மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். சின்னப்பாலத்து இலட்சுமி 2015-இல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருதைப் பெற்றதும் இதற்காகத்தான். மற்றொன்று, பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசியான கப்பாபைகஸை மூங்கில் மிதவையில் கட்டி 45 நாளில் அறுப்பது. இது 2000-ஐ ஒட்டி வணிகமாக வளர்ந்தது. 2008-இல் குருசடைத் தீவின் பவளங்கள்மேல் அதே பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அதன்பின் கடல் சூடான ஆண்டுகளில் மிதவையிலேயே அழுகி, பயிர் மொத்தமாகப் போன அனுபவமும் நம் கரைக்கு உண்டு. வெப்பம் ஏறும் கடலில் வெப்பம் தாங்காத ஒரே பயிரை நம்பித் திட்டம் போடுவது எனக்குப் புரியவில்லை.

அதைவிடப் பெரிய ஐயம் இது. எந்தத் திட்ட அறிக்கையை எடுத்தாலும் "மீனவப் பெண்களின் உபரி உழைப்பு" என்று தவறாமல் ஒரு வரி இருக்கிறது. யாருடைய உழைப்பு உபரி? இன்று பாசி கட்டுபவர்கள் பெரும்பாலும் நாற்பதைக் கடந்தவர்கள். அவர்களின் மகள்கள் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு கல்லூரியில் இருக்கிறார்கள். தாய் கையால் கயிறு முடிந்து சம்பாதித்ததே மகள் கையில் அந்தக் கயிறு வரக்கூடாது என்பதற்காகத்தான்.

14 ஜூலை 2025

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) ஒருவர் கேட்கிறார்: "நீங்கள் கடலை மட்டுமே பேசுகிறீர்கள்; எங்கள் பக்கம் வீட்டுச் செலவு வளைகுடாப் பணத்தில்தான் ஓடுகிறது. அதன் எதிர்காலம் என்ன?"

காக்கா, உங்கள் கேள்வியும் இதே கணக்கின் இன்னொரு பக்கம்தான். ரிசர்வ் வங்கி இந்த ஆண்டு மார்ச்சில் வெளியிட்ட கணிப்பைப் பாருங்கள். 2023–24-இல் நாட்டுக்கு வந்த பணம் 118.7 பில்லியன் டாலர். அதில் அமெரிக்காவின் பங்கு 2016–17-இல் 22.9 விழுக்காடாக இருந்தது 27.7 ஆக ஏறியது. ஐக்கிய அரபு அமீரகத்தின் பங்கு 26.9-லிருந்து 19.2 ஆக இறங்கியது. தமிழகத்துக்கு வந்தது மொத்தத்தில் 10.4 விழுக்காடு. பணம் குறையவில்லை, அனுப்புகிறவர் மாறுகிறார். கடை உதவியாளரும் ஓட்டுநரும் அனுப்பிய இடத்தில் மென்பொருள் பொறியாளர் அனுப்புகிறார். கீழக்கரை, தேவிபட்டினம், பெரியபட்டினம் வீடுகள் பெரும்பாலும் முதல் வகைப் பணத்தில் எழுந்தவை.

இன்னொரு வேறுபாடு. அமெரிக்கா போனவர் அங்கேயே முதுமை அடைகிறார். வளைகுடா குடியுரிமை தராது. போனவர் ஐம்பத்தைந்து, அறுபது வயதில் ஓய்வூதியம் இல்லாமல், பெரும்பாலும் சர்க்கரையோடும் இரத்த அழுத்தத்தோடும் ஊர் திரும்புகிறார். இளைஞரை அனுப்பி முதியவரை வாங்கிக்கொள்கிறது இந்தக் கரை. மீன்பிடி ஊர்களிலும் வேறு வழியில் இதுவேதான் நடக்கிறது.

15 ஜூலை 2025

நேற்று எழுதியதில் நோயைப் பற்றி ஒரு வரியோடு கடந்துவிட்டேன். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் பெரிய ஆய்வில் நாட்டின் நீரிழிவு விகிதம் 11.4 விழுக்காடு, தமிழகத்தில் 14.4. 2022 ஜனவரியில் இராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதற்கு முன்பே, 2021 ஆகஸ்டு முதல், மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இரண்டும் பெரிய மாற்றங்கள். முன்பெல்லாம் மதுரைக்கு ஓட வேண்டியிருந்தது.

ஆனால் மாத்திரை வீட்டுக்கு வரும் நாளில் ஆள் கடலில் இருந்தால்? ஐஸ்காரன் என்ற முறையில் நான் கண்ட ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகளில், இன்சுலின் போட்டுக்கொள்ளும் மூத்தவர்கள் மருந்தைப் பாலித்தீன் பையில் சுற்றி மீன் ஐஸுக்குள் புதைத்து வைக்கிறார்கள். குளிர்ச்சி நல்லதுதானே என்ற எண்ணம். இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் அது கெட்டுப்போகும், பிறகு உருகினாலும் வேலை செய்யாது. பார்த்தால் நன்றாகவே இருப்பதுபோலத் தோன்றலாம், போட்டுக்கொண்டும் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். பயன்படுத்தத் தொடங்கிய குப்பி, 30 பாகைக்குக் கீழான நிழலில் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். ஆகவே ஐஸைத் தொடாமல் ஈரத்துணி சுற்றிய மண்கலயத்தில் வைப்பதே மேல். மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். படகில் முதலுதவிப் பெட்டி வைக்கச் சொல்லும் விதிகள் எல்லாம் இருபது வயது மாலுமியை நினைத்து எழுதப்பட்டவை. இன்று அதே படகில் ஏறுபவர் அறுபதை நெருங்குகிறார்.

3 ஆகஸ்ட் 2025

கடல்மட்டம் உயர்ந்து பாம்பன் தீவு மூழ்குமா என்ற கேள்வி மூன்றாவது முறையாக வந்திருக்கிறது. உலகச் சராசரி 1901 முதல் 2018 வரை 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006-க்குப் பின் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என வேகம் கூடியிருக்கிறது. மூழ்குவதற்கு வெகுமுன்பே தண்ணீர் உப்பாகும், அதுவும் கடல் உயர்ந்ததால் அல்ல.

தீவில் மணலுக்கடியில் மழைநீர், கனமான கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. தனுஷ்கோடிப் பெண்கள் கையால் மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுப்பது இந்த மெல்லிய அடுக்கிலிருந்துதான். அந்த நன்னீரின் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் அடியிலிருக்கும் உப்புநீர் ஏறத்தாழ நாற்பது மீட்டர் மேலேறும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. ஆழ்துளைக் கிணற்றில் இரவும் பகலும் மோட்டார் ஓடும் ஒவ்வொரு விடுதியும், கடல்மட்டம் பல பத்தாண்டுகளில் செய்வதைச் சில கோடைகளில் செய்துவிடும். 616 கோடி ரூபாய்க் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபின் குடிநீர் ஓரளவு கிடைக்கிறது. அதுவும் மேட்டூரில் தண்ணீர் இருக்கும்வரை. நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை நம் மாவட்டம் பலருக்கும் முன்பே பார்த்துவிட்டது. பெரிய ஆலைகள் இனியும் வரும் என்றே நினைக்கிறேன். அவை வெளியேற்றும் உப்புக்கரைசலை எந்தக் கடலில், எந்தப் பாருக்குப் பக்கத்தில் விடுவார்கள் என்பதை இப்போதே கேட்டுவைக்க வேண்டும்.

30 ஆகஸ்ட் 2025

அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு 50 விழுக்காடு வரி விதித்தது. நம் கடலுணவு ஏற்றுமதி 2024–25-இல் 62,408 கோடி ரூபாய். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இறால், அந்த இறாலுக்குப் பெரிய சந்தை அமெரிக்கா. பண்ணை இறால்காரர்கள் அழுதார்கள். வலையில் பிடித்த இறாலை அந்த நாடு 2019-இலேயே நிறுத்திவிட்டது, ஆமை தப்பிக்கும் கருவி நம் மடிகளில் இல்லை என்பது காரணம். அன்று அந்தக் கருவியை வைத்திருந்தால் சங்காயமும் (வலையில் வீணாகச் சிக்கும் கழிவுமீன்) குறைந்திருக்கும், சந்தையும் போயிருக்காது. இருபத்தைந்து ஆண்டுத் திட்டம் போடும்போது ஒரே வாங்குபவரை நம்புவதும் ஒரே பாசியை நம்புவதும் ஒன்றுதான். இதற்குமேல் சொல்ல எனக்கு ஏற்றுமதி அனுபவம் இல்லை.

21 செப்டம்பர் 2025

தொண்டித் தம்பி மறுபடி ஒரு கல்லை எறிந்திருக்கிறார்: "ஆள் குறைவது நல்லதுதானே ஐயா? ஆள் குறைந்தால் படகு குறையும், படகு குறைந்தால் கடல் தேறும்."

மே மாதத்தில் எனக்கும் மனத்தின் ஓரத்தில் அந்த நம்பிக்கை இருந்தது என்பதை மறைக்கவில்லை. இப்போது அது கலங்கியிருக்கிறது. ஆள் குறையும்போது படகு நிற்பது முதல்கட்டம்தான். அடுத்து முதலாளி ஆளுக்குப் பதில் இயந்திரத்தை வைப்பார்: பெரிய எஞ்சின், வலை இழுக்கும் விஞ்சு, மீன் காட்டும் கருவி. ஆறு பேர் இழுத்ததை மூவர் இழுப்பார்கள், கூடுதலாகவும் இழுப்பார்கள். அந்தச் செலவைத் தாங்கக்கூடியவர் சிலரே என்பதால் படகுகள் சிலர் கைக்குப் போகும். ஆள் குறைந்தும் கடல் தேறாது, ஊரில் படகுக்காரர் எண்ணிக்கையும் குறையும் என்ற இரண்டு கேடும் சேர்ந்து வரலாம். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று நம் கரையில் இருக்கும் பங்கீடு ஆளையும் நாளையும் கணக்கில் கொண்டது. எஞ்சினின் குதிரைத்திறனைக் கறாராக அளக்காதவரை அந்தப் பங்கீட்டுக்கு இனிமேல் பொருள் குறைந்துகொண்டே போகும்.

வெப்பத்தையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் கைகளைத்தான் தாக்குகிறது. வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்தது. கடற்கரையில் வெப்ப அலை என்று சொல்ல, வெப்பநிலை 37 பாகையைத் தொட்டு, இயல்பைவிட 4.5 பாகை கூடியிருக்க வேண்டும். பாம்பனில் 35 பாகையும் காற்றில் நிறைந்த ஈரமும் சேர்ந்தால் வியர்வை உலராது, உடல் குளிராது. ஆனால் ஏட்டில் அது வெப்ப அலை ஆகாது. கருவாட்டுக் களத்தில் பகல் முழுக்க நிற்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு இழப்பீடு என்று ஒன்று எப்போதாவது வருமானால், ஈரத்தையும் சேர்த்து அளக்கும் ஒரு கணக்கு அதற்கு முன்பாக வர வேண்டும்.

9 நவம்பர் 2025

தேசியக் கடல்மீன்வளக் கணக்கெடுப்பு நம் ஊர்களில் தொடங்கிவிட்டது. முன்பு 2005, 2010, 2016-இல் எடுத்தார்கள். இந்த முறை கைப்பேசிச் செயலியில் பதிவுசெய்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கோ 2027 மார்ச் வரை காத்திருக்க வேண்டும். மாவட்டத்தின் மக்கள்தொகை என்று இன்றும் எல்லோரும் எடுத்தாளும் 13,53,445 என்பது 2011-ஆம் ஆண்டு எண்.

மே மாதத்திலிருந்து இங்கே நான் சொல்லிவருவது சரியா என்பதை இந்தக் கணக்கெடுப்பே காட்டிவிடும். கடலுக்குப் போகிறவர்களில் முப்பது வயதுக்குக் கீழானவர்களின் பங்கு 2016-இல் இருந்த அளவிலேயே இருக்குமானால், மேலே உள்ள பாதியை அடித்துவிடலாம். அதற்கு நாம் கொடுக்கும் விவரம் உண்மையாக இருக்க வேண்டும். தடைக்கால நிவாரணம் எட்டாயிரம் ரூபாய் ஆனபின், துபாயில் இருக்கும் மகனையும் கோயம்புத்தூரில் படிக்கும் மகனையும் "கடல்தொழில்" என்று பதிந்துவைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அப்படிப் பதிந்தால், ஆள் நிறைய இருக்கிறார்கள் என்று நம்பி அடுத்த பத்தாண்டுக்குத் திட்டம் போடுவார்கள். வெளியூர் போனவரை வெளியூர் என்றும், அறுபது வயதில் வலை இழுப்பவரின் வயதை அறுபது என்றும் சொல்லுங்கள். பாசி எடுக்கும் பெண்களை "இல்லத்தரசி" என்று எழுத விடாதீர்கள். தொழில் என்ன என்று கேட்கும் இடத்தில் பாசி எடுத்தல் என்று சொல்லி, அப்படியே பதிவாகிறதா என்று திரையைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.